கறுப்பு என்று ஒதுக்கிவிடும் பறவைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் அந்தி சாயும்போது மின்கம்பி நிறைய வந்து உட்காரும் பெர்லிங் என்ற மைனா வகைப் பறவைகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. கண் மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் கறுப்பு என்றுதான் தோன்றும். அதே பறவையைக் காலை எட்டரை மணி வெயிலில் பாருங்கள். எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சை மின்னும். வயிறு வெளுத்துக் கருங்கோடு ஓடியிருந்தால் அது வேறு இனமல்ல, அதன் இளசு.

வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும். உச்சிவேளையில் பச்சை தெரியாது. போன் கேமராவில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்சத்தை) ஒரு படி ஏற்றிப் படமெடுங்கள்; இல்லையென்றால் கேமரா வானத்தின் வெளிச்சத்தை அளந்து பறவையை வெறும் நிழலாக்கிவிடும்.

மீன்கொத்தியின் நீலம் இன்னும் விசித்திரம். அந்த இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகு உருவான கெரட்டின் என்ற புரதத்துக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் நீல ஒளியை மட்டும் சிதறித் திருப்புகின்றன. கீழே விழுந்த இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலம் மறைந்து பழுப்பாகிவிடும்.

எல்லாவற்றையும்விட அருமையானது கூகை என்ற ஆந்தை. எலியை ஒழிக்கச் செம்பனைத் தோட்டங்களில் ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒன்றாகக் கூகைப் பெட்டி வைக்கிறார்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் சிறகிறகின் வெளுத்த அடிப்பக்கத்தில், பண நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால் ரோஸ் நிறம் ஒளிரும். காரணம் போர்ஃபிரின் என்ற நிறமி. 395 நானோமீட்டர் அலைநீள டார்ச்சே போதும், ஆனால் அதன் ஊதா வெளிச்சம் ரோஸை அமுக்கிவிடும் என்பதால் அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும். இறகை வெள்ளைத் தாளிலோ துவைத்த துணியிலோ வைக்காதீர்கள். அவற்றில் உள்ள வெளுப்பூட்டி நீலமாக ஒளிர்ந்து கண்ணை ஏமாற்றும். கறுப்பு அட்டைதான் சரி.

ஒன்றுமே ஒளிரவில்லையா? இறகு பழசாக இருக்கலாம். போர்ஃபிரின் வெயிலில் சிதைந்துவிடும். ஆந்தைகளைப் பிடித்து வளையம் மாட்டி விடுகிறவர்கள் இதை வைத்தும் வயதைக் கணிக்கிறார்கள்: சிறகு முழுக்க ஒரே அளவு ரோஸ் என்றால் இளம்பறவை, புதிதும் மங்கியதும் கலந்திருந்தால் முதிர்ந்தது.

உயிருள்ள கூகையின் கண்ணில் அந்த டார்ச்சை அடிக்கவே கூடாது. கூகை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. பெட்டியைத் திறக்காதீர்கள், இறகையும் பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.