சென்டருக்கு 27 வோல்ட்: ஹோம் தியேட்டர் பவர் ஆம்ப் தேர்வுக் குறிப்புகள்

அமைப்பு 5.1, அதாவது முன்பக்க இடது, வலது, வசனம் வரும் சென்டர், இரண்டு சரவுண்ட், ஒரு சப்வூஃபர். முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர்கள் 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி (2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீட்டரில் வரும் சத்தம்), சென்டர் 84. மூன்றும் பெயருக்கு 6 ஓம். ஆனால் 150 முதல் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 4 ஓமுக்கு இறங்கிவிடும். உட்காரும் இடம் 3.2 மீட்டர் தூரம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தனி ஆம்ப் கொண்ட சப்வூஃபருக்குப் போகிறது. ஐந்து சேனலையும் இப்போது ஓட்டும் ரிசீவரின் பெட்டியில் "சேனலுக்கு 140 வாட்" என்று அச்சிட்டிருக்கிறது.

குறை இதுதான்: வால்யூம் −12-இல் (0 என்பது சினிமா ரெஃபரன்ஸ் அளவு, இது அதற்கு 12 டெசிபல் கீழே), ஐந்து சேனலும் சேர்ந்து முழங்கும் இடத்தில் வசனம் கரகரக்கிறது. அதே வால்யூமில் ஒருவர் மட்டும் பேசும் காட்சியில் குரல் சுத்தமாக இருக்கிறது. ஸ்பீக்கர் பழுதென்றால் இரண்டு இடத்திலும் கரகரப்பு வந்திருக்கும். ஆகவே சந்தேகம் முழுக்க ரிசீவரின் பவர் சப்ளை மேல்.

140 வாட் என்ற எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் நான்கு நிபந்தனைகள்: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே ஒரு சேனல், 10 சதவீத டிஸ்டார்ஷன். 10 சதவீதம் என்பது ஆசிலாஸ்கோப்பில் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய நிலை. எனவே ரிசீவரை 8 ஓம் டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) இணைத்து, அலையின் தலை தட்டையாகத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டோம். ஒரு சேனல் மட்டும் ஓடும்போது 27.5 வோல்ட், அதாவது 95 வாட். ஐந்தும் ஓடும்போது 19 வோல்ட், சேனலுக்கு 45 வாட். டம்மி லோடு செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அலுமினியக் கூடு போட்ட 100 வாட் ரெசிஸ்டர் தன் 100 வாட்டைத் தாங்குவது ஹீட் சிங்கில் திருகியிருக்கும்போது மட்டும். வெறுமனே மேசையில் வைத்தால் பாதிகூடத் தாங்காது. ஐந்து விநாடிக்கு மேல் டோன் ஓட்ட வேண்டாம்.

எத்தனை வோல்ட் தேவை

முதலில் காகிதக் கணக்கு. சென்டருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீட்டரில் 84 டெசிபல். 3.2 மீட்டர் தூரத்துக்கு 10 டெசிபல் கழித்தால் காதுக்கு வருவது 74. சினிமா ரெஃபரன்ஸ் அளவில் முன் சேனலின் உச்சம் 105 டெசிபல், அதாவது இன்னும் 31 டெசிபல் வேண்டும். அப்படியானால் சுமார் 100 வோல்ட், 8 ஓமில் 1,250 வாட். இந்த இடத்தில் பலர் பயந்துபோய் ராட்சத ஆம்ப் தேடப் புறப்பட்டுவிடுகிறார்கள். உண்மையில் கேட்கும் வால்யூம் −12. அதைக் கழித்தால் 25 வோல்ட், 79 வாட். 12 டெசிபல் இறக்கினால் வாட் பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. எந்த ஆம்ப் வாங்குவது என்பதைவிட எந்த வால்யூமில் கேட்கிறோம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது.

காகிதத்தோடு நிற்காமல் அளந்துவிடுவது நல்லது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஃபுல் ஸ்கேலுக்கு (கோப்பில் இருக்கக்கூடிய உச்ச அளவுக்கு) 20 டெசிபல் கீழே இருக்கும் சைன் டோன்களை 120, 150, 200, 300 ஹெர்ட்ஸில் ஆடாசிட்டி மென்பொருளில் உருவாக்கி, 5.1 கோப்பாகச் சேமித்து, ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டு சேனல் கோப்பைப் போட்டால் சென்டருக்கு என்ன போகிறது என்று உறுதியாகத் தெரியாது. 80-க்குக் கீழே போனால் கிராஸ்ஓவர் குறுக்கே வரும். மலிவான மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசி வோல்ட்டைத் தப்பாகக் காட்டும். அதனால்தான் இந்த எல்லை. சத்தத்தைத் தானாகச் சமன்செய்யும் வசதிகளை அணைத்துவிட்டு, படம் பார்க்கும் அதே வால்யூமில், ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை எடுக்க வேண்டும். மீட்டர் முனைகளைக் கையில் பிடித்துத் தொடாதீர்கள். சறுக்கி இரண்டும் ஒட்டினால் அவுட்புட் ஷார்ட் ஆகும். ரிசீவரை அணைத்து, முதலைக் கிளிப் மாட்டி, பிறகு ஆன் செய்யுங்கள்.

கிடைத்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் முழு அளவு சிக்னலுக்குத் தேவையான வோல்ட் வந்துவிடும். ரூம் கரெக்‌ஷன் (அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் ரிசீவர் வசதி) அணைந்த நிலையில் இடது, வலது 1.5 வோல்ட், சென்டர் 1.9. காகிதக் கணக்கின் 25-க்குப் பதில் சென்டருக்கு 19 வோல்ட் போதும் என்கிறது மீட்டர். சுவர்களின் பிரதிபலிப்பு அந்த அளவுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் ரூம் கரெக்‌ஷனை ஆன் செய்ததும் 200 ஹெர்ட்ஸில் சென்டர் 2.7-க்கு ஏறியது. அந்த இடத்தில் அறையில் இருந்த பள்ளத்தை நிரப்ப ரிசீவர் 3 டெசிபல் ஏற்றியிருக்கிறது. 3 டெசிபல் ஏற்றம் என்றால் ஆம்ப் இரட்டிப்பு வாட் கொடுக்க வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் ஆம்ப் வாங்குவதே பொதுவாக நடக்கும் தவறு.

ஆகத் தேவை 27 வோல்ட். 8 ஓமில் 91 வாட், 4 ஓமுக்கு இறங்கும் இடத்தில் 182 வாட், உச்ச கரன்ட் 9.5 ஆம்பியர். ஐந்து சேனலும் ஓடும்போது 19 வோல்ட்டில் திணறும் ரிசீவர் இதைத் தராது என்பது தெளிவாகிவிட்டது.

சரவுண்ட் இரண்டும் 1.6 மீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. மீட்டரில் 0.75 வோல்ட். முழு அளவுக்கு 7.5 வோல்ட், 7 வாட். கரெக்‌ஷன் ஏற்றத்தைச் சேர்த்தாலும் 14 வாட். அவற்றுக்கு ரிசீவரின் சொந்த ஆம்ப் தாராளம். எனவே ஐந்து சேனல், ஏழு சேனல் ஆம்ப் தேடலை இங்கேயே விட்டுவிடலாம். தேவை மூன்று சேனல் மட்டும்.

இடையில் ஒன்று. ரிசீவர் மெனுவில் 8 ஓம், 4 ஓம் என்று ஒரு தேர்வு இருக்கும். 4 ஓமுக்கு மாற்றினால் குறை தீரும் என்று தோன்றும். பல ரிசீவர்களில் அது உள்ளே ரெயில் வோல்ட்டேஜை, அதாவது ஆம்புக்குச் சப்ளை தரும் வோல்ட்டேஜை, குறைக்கும் ஏற்பாடு. சூடு குறையும், கிளிப்பிங் (அலையின் தலை வெட்டுப்படுவது) முன்கூட்டியே வரும். இந்த ரிசீவரிலும் மாற்றிப் பார்த்தபோது கரகரப்பு அதிகமானது.

பார்த்த ஆம்ப்கள்

எல்எம்3886 ஐசி போர்டு முதல் சுற்றிலேயே விழுந்துவிட்டது. 24-0-24 டிரான்ஸ்ஃபார்மரில் ரெயில் ±33 வோல்ட் அளவுக்கு வரும். லோடில் அது இறங்கி, ஐசியின் சொந்த இழப்பும் போனால் 20 வோல்ட் ஆர்எம்எஸ் (மீட்டர் காட்டும் ஏசி அளவு, உச்சம் அல்ல) பக்கம் கிடைக்கும். நல்ல ஐசி, சுத்தமான ஒலி, ஆனால் 27-க்கு எட்டாது. சரவுண்டுக்கு அருமையாகப் பொருந்தும்.

2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட ஏபி கிளாஸ் போர்டு எட்டும். 27 வோல்ட் ஆர்எம்எஸ் என்றால் உச்சம் 38, எனவே லோடிலும் ±42-க்குக் குறையாத ரெயில் வேண்டும். 32-0-32 டிரான்ஸ்ஃபார்மரில் ±45 வரும். சேனலுக்கு இரண்டு ஜோடி டிரான்சிஸ்டர் போடுங்கள். 4 ஓம் லோடில் ஒரு சேனல் மோசமான நிலையில் 100 வாட்டுக்குச் சூடாகவே எரிக்கும். மூன்று சேனலுக்கு ஹீட் சிங்க், டிரான்ஸ்ஃபார்மர், பெட்டி எல்லாம் சேர்ந்தால் எடை பத்து கிலோவைத் தாண்டும். டிவி அலமாரியின் மூடிய தட்டில் அது வாழாது.

டிபிஏ3255 என்ற கிளாஸ் டி (குறைவாகச் சூடாகும் வகை) சிப் போட்ட போர்டு ஆசை காட்டியது. "300+300 வாட்" என்று விற்கிறார்கள். அதன் டேட்டாஷீட்டில் 4 ஓமில் 10 சதவீத டிஸ்டார்ஷனுக்கு 315 வாட், 1 சதவீதத்துக்கு 260 வாட். சிப் நேர்மையானதுதான். கூட வரும் சப்ளைதான் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குப் போதாது. 48 வோல்ட் 10 ஆம்பியர் சப்ளையில் 27 வோல்ட் சுலபம். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சிப்பின் சொந்த கெயின் (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) 21.5 டெசிபல்தான். ப்ரீ-ஸ்டேஜ் இல்லாத போர்டில் 27 வோல்ட் வர உள்ளே 2.3 வோல்ட் கொடுக்க வேண்டும், எல்லா ரிசீவரும் அதைச் சுத்தமாகத் தராது. இரண்டாவது இன்னும் முக்கியம்: இது பிரிட்ஜ் அவுட்புட். ஸ்பீக்கரின் மைனஸ் முனையும் உயிருள்ள முனைதான். அங்கே ஆசிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மாட்டினால் பாதி அவுட்புட் ஷார்ட் ஆகி சிப் போய்விடலாம். இரண்டு புரோப் வைத்து வித்தியாசத்தை எடுங்கள், அல்லது பேட்டரியில் ஓடும் மீட்டரைப் பயன்படுத்துங்கள்.

மேடைக்கான பிஏ ஆம்ப் ஒன்றையும் இணைத்துப் பார்த்தோம். வாட்டுக்குப் பஞ்சமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில். அதன் கெயின் 40 டெசிபல், அதாவது 100 மடங்கு. ரிசீவரின் ப்ரீ-அவுட்டில் (வெளி ஆம்புக்குச் சிக்னல் தரும் சாக்கெட்டில்) எப்போதும் இருக்கும் 20 மைக்ரோவோல்ட் இரைச்சல் ஸ்பீக்கரில் 2 மில்லிவோல்ட் ஆகிவிடுகிறது. படம் அமைதியாகும் நொடியில், 3 மீட்டரிலிருந்தே "ஸ்ஸ்" கேட்டது. முன்பக்கக் குமிழ்களை 12 டெசிபல் இறக்கியதும் ஹிஸ் பெரும்பாலும் அடங்கியது. குமிழின் கோடுகளை நம்பி இரண்டு சேனலையும் சமமாக வைக்க முடியாது, மீட்டரில் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ஹிஸ்ஸை அடக்கலாம், விசிறியை அடக்க முடியாது. அது ஆன் செய்த நொடியிலிருந்து ஓடுகிறது. ஆம்பைப் பக்கத்து அறையில் வைக்க வசதி உள்ளவர்களுக்கு இது நல்ல தேர்வு.

கடைசியில் எடுத்தது விசிறி இல்லாத, கம்பெனி தயாரிப்பான மூன்று சேனல் கிளாஸ் டி ஆம்ப். மூன்றும் ஓடும்போது 8 ஓமில் 150 வாட், 4 ஓமில் 250 வாட் என்று நிபந்தனைகளோடு எழுதியிருந்தார்கள். 150 வாட் என்றால் 34.6 வோல்ட். தேவைக்கு மேல் 2 டெசிபல் கையிருப்பு. கெயின் 26 டெசிபல், 20 மடங்கு. 27-ஐ 20-ஆல் வகுத்தால் ப்ரீ-அவுட்டிலிருந்து 1.35 வோல்ட் வர வேண்டும். ரிசீவரின் ப்ரீ-அவுட் 1.9 வரை சுத்தமாக வருகிறது என்று அளந்து உறுதி செய்தபின்தான் வாங்கினோம். சில ரிசீவர்களில் ப்ரீ-அவுட்டை ஏற்றும்போது உள்ளே சும்மா இருக்கும் ஆம்பும் சேர்ந்து கிளிப் ஆகி, அந்தக் கறை ப்ரீ-அவுட்டுக்கும் வரும். உள் ஆம்பைத் துண்டிக்கும் தேர்வு மெனுவில் இருந்தால் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

இணைத்த பிறகு வந்த ஹம்

இணைத்ததும் மூன்று ஸ்பீக்கரிலும் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் ஹம். ஆம்ப் பக்கத்தில் ஆர்சிஏ கேபிள்களைக் கழற்றினால் முழு அமைதி. நடுமுனையும் வெளி வளையமும் ஒட்டிய ஷார்ட் பிளக் செருகினாலும் அமைதி. ஆக ஆம்ப் நிரபராதி. கேபிளைத் திரும்ப மாட்டி, ரிசீவரிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றிக்கொண்டே வந்தோம். எச்டிஎம்ஐ கழற்றியபோது மாற்றமில்லை. சப்வூஃபர் கேபிளை எடுத்ததும் ஹம் பாதியானது. செட்-டாப் பாக்ஸுக்கு வரும் ஆன்டெனா கேபிளை எடுத்ததும் மீதியும் போய்விட்டது. கிரவுண்ட் லூப் (எர்த் வழியே உருவாகும் மின்வளையம்) இரண்டு. ஒன்று, வேறு சுவர் பிளக்கில் எர்த் எடுத்த சப்வூஃபர். மற்றொன்று, வெளியில் எர்த் ஆகியிருக்கும் ஆன்டெனா கேபிளின் கம்பி வலை.

சப்வூஃபரை ஆம்ப் இருக்கும் அதே பிளக் வரிசைக்கு மாற்றி, ஆன்டெனா கேபிளில் ஒரு ஐசொலேட்டர் போட்டதும் தீர்ந்தது. டுவீட்டரில் காதை ஒட்டி வைத்தால் மட்டும் மெல்லிய காற்றுச் சத்தம். எர்த் பின்னை வெட்டினாலும் ஹம் போய்விடும், உண்மைதான். ஆம்பின் உள்ளே ஒரு வயர் அவிழ்ந்தால் பெட்டி முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும், தொட்டவரைக் காப்பாற்ற இருப்பது அந்தப் பின்தான். அதை மட்டும் செய்யவே கூடாது.

சரிசெய்த சிறு விஷயங்கள்

புது ஆம்ப் வந்தபின் ரூம் கரெக்‌ஷனை மறுபடி ஓட்டியாக வேண்டும். ரிசீவரின் உள் ஆம்ப் 29 டெசிபல், இது 26. அதனால் சென்டர் டிரிம் (அந்தச் சேனலின் சத்த அளவுத் திருத்தம்) −2.5-இலிருந்து +0.5-க்கு நகர்ந்தது, கணக்குப்படியே 3 டெசிபல். பிஏ ஆம்பில் குமிழைக் குறைக்காமல் ஓட்டியபோது டிரிம் −12 என்ற எல்லையில் போய் முட்டி நின்றது. அங்கே நின்றால் கேலிப்ரேஷன் உண்மையில் முடியவில்லை என்று பொருள்.

போலாரிட்டியையும் பார்த்துவிடுங்கள். சில ஆம்ப்கள் சிக்னலைத் தலைகீழாக்கும். இடது முன் ஸ்பீக்கரையும் இடது சரவுண்டையும் தற்காலிகமாக ஒட்டி வைத்து, எல்லாச் சேனலிலும் ஒரே ஒலியைத் தரும் ஸ்டீரியோ மோடில் மோனோ பிங்க் நாய்ஸ் போட வேண்டும். சேர்ந்து ஒலிக்கும்போது கீழ்ச்சுருதி கனத்தால் சரி. மெலிந்து போனால் ஆம்பின் மூன்று சேனலிலும் ஸ்பீக்கர் வயரைத் திருப்பி மாட்டுங்கள்.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, சென்டருக்கு 6 மீட்டர். போகவர மொத்தம் 0.1 ஓமுக்குள். செம்பு பூசிய அலுமினிய வயர் அதே தடிமனில் சுமார் ஒன்றரை மடங்கு ரெசிஸ்டன்ஸ் காட்டும். ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஆம்பை ஆன் செய்ய ரிசீவரின் 12 வோல்ட் டிரிகரிலிருந்து 3.5 மில்லிமீட்டர் மோனோ பிளக் கேபிள். டிரிகர் இல்லாதவர்கள் ரிசீவரை முதலில் ஆன் செய்து, ஆம்பை முதலில் அணைக்க வேண்டும். வரிசை மாறினால் ஸ்பீக்கரில் "டப்" என்று விழும்.

அதே காட்சி, அதே −12. ஐந்து சேனலும் முழங்கும் இடத்தில் வசனம் இப்போது பிசிறில்லாமல் நிற்கிறது. −25-இல் கேட்டால் பழைய நிலைக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அங்கே ஆம்ப் கொடுப்பது சில வாட்தான், அதை ரிசீவரே சுத்தமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. ரிசீவரின் மேல் மூடி முன்பு போல் கொதிப்பதில்லை. −8-க்கு ஏற்றிப் பார்த்தபோது ஓரிரு இடங்களில் ஆம்பின் கிளிப் விளக்கு சென்டரில் மின்னியது. 27 வோல்ட்டுக்கு மேல் 4 டெசிபல் என்றால் 43 வோல்ட், கையிருப்பு 34.6 வரைதான். அந்த வால்யூமுக்கு மாற்ற வேண்டியது சென்டர் ஸ்பீக்கரை. 84-க்குப் பதில் 90 டெசிபல் சென்டர் போட்டால் அதே −8-க்கு 21 வோல்ட் போதும்.