கிழக்கே திருப்பி வைத்த பானை

சார் இறந்துபோன செய்தி விடிகாலை ஐந்து மணிக்கு நம் பள்ளிப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 91 வயது. தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஒவ்வொருவராக "ஆழ்ந்த இரங்கல்" போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அதைத்தான் தட்டினேன். பிறகு அழித்துவிட்டேன். பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்கிறீர்கள். இந்த முறை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எந்த சார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை, கடைசி இரண்டு பாடம். அவ்வளவு சொன்னால் போதும்.

2007-இல் மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் நம் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ரப்பர் பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, நாம் வரிசை வீடுகளாக வாழ்ந்த லயங்களும் போய்விட்டன. என் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது.

அம்மா பால்மரம் வெட்டினார். நானூறுக்கும் மேற்பட்ட மரங்கள். பள்ளி விடுமுறையில் பால் வடியும் மங்கு துடைக்க நானும் கூடப் போவேன். தலைவிளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் கத்தி இடது மேலிருந்து வலது கீழாக, ஒரே சாய்வில், ஒரே இழுப்பில் இறங்கும். பட்டையை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகத்தான் சீவலாம். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகப் போனால் பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய உயிர்ப்படலத்தில் காயம் பட்டுவிடும். வெட்டிய இடத்தில் மறுபட்டை வளர்ந்து திரும்ப வெட்ட ஏழெட்டு வருடம் ஆகும். காயம் பட்ட இடத்திலோ முண்டு முண்டாகத்தான் வளரும், கத்தி ஓடாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் விரலால் தடவிப் பார்த்துக் காயத்தை எண்ணுவார்.

"மரத்துக்கு உயிர் இருக்கு. ஒரு தடவ பட்டா பட்டதுதான்" என்பார் அம்மா. நான் எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு எழுத்து கோணினால் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். நோட்டுப் புத்தகம் பாதியாகிவிடும். அப்பா திட்டுவார்.

1974 அக்டோபரில் சார் நம்மை லாரியில் ஏற்றி கோலசிலாங்கூர் பக்கம் பானை செய்யும் நம்மவர்கள் வீட்டுக்கு அழைத்துப்போனது நினைவிருக்கும். பொங்கல் பானையும் அகல் விளக்கும் செய்கிற குடும்பம். சக்கரத்தில் வனைந்தது அந்தப் பெரியவர். அடி திறந்த நிலையில் ஆளுக்கொரு சின்னப் பானை தந்து, ஒரு நாள் நிழலில் இறுகியதும் உள்ளே கல்லை அணைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடச் சொன்னார். அதற்காக மறுநாளும் போனோம். நான் அடியை மட்டுமே பார்த்துக்கொண்டு தட்டினேன். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் மேடே தெரியக் கூடாது என்று அத்தனை கவனம். அந்தக் கவனத்தில் என் இடது உள்ளங்கை விளிம்பை அழுத்தி, வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. சரிசெய்யப் பார்த்தேன், பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இறுகின மண்ணைத் திரும்ப வளைச்சா உள்ளே விரிசல் விடும். விடும்மா."

ஜனவரியில் நாம் ஆறாம் வகுப்பு. பள்ளித் திடலில் பொங்கல். மேசையில் வரிசையாகப் பானைகள். சார் என் பானையைத் தூக்கினார். பையன்கள் சிரித்தார்கள். "கோணவாய்ப் பானை" என்று ஒருவன் கத்தினான். அந்தப் பெயர் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பு முடிகிற வரை என்னோடு வந்தது. கத்தியவன் யார் என்று அவனுக்குத் தெரியும். இப்போது தாத்தாவாகிவிட்டான், விட்டுவிடலாம். அன்று திடலே சிரித்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. தலைப்பின்னலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சார் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. ஒவ்வொரு பானையாக எடுத்து விரலால் சுண்டினார். இருந்ததிலேயே அழகான பானை, மஞ்சள் குங்குமமெல்லாம் வைத்துத் தயாராக இருந்தது, 'டப்' என்றது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். அடுப்பில் வைத்தால் பிளந்துவிடும். அதை ஓரமாக வைத்தார். என்னுடையதைச் சுண்டினார். 'டங்' என்று ஒலித்து ஓசை கொஞ்ச நேரம் நின்றது.

"வாய் எந்தப் பக்கம் இறங்கியிருக்கு?" என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். அந்தப் பக்கத்தைக் கிழக்கே திருப்பி அடுப்பில் வைத்தார். பால் பொங்கியபோது வேறு எங்கே போகும்? கிழக்கேதான் வழிந்தது. நீங்கள் எல்லாரும் கூவியது இன்னும் காதில் இருக்கிறது. தலைமையாசிரியர் கைதட்டினார். எனக்கு மட்டும் அந்தக் கோணல் வாய்தான் தெரிந்தது.

சாயங்காலம் பானையை என்னிடமே கொடுத்தனுப்பினார். லயத்துக்குப் பின்னால் கால்வாய் ஓரத்துக் கல்லில் போட்டு உடைத்தேன். அது சுலபமாக உடையவில்லை. மூன்று முறை போட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை சார் கேட்டார், கை வழுக்கிவிட்டது என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிம்மா. இன்னொண்ணு செய்யலாம்." அந்த இன்னொன்றைச் செய்யவே இல்லை.

1984-இல் மெல்பர்ன் வந்தேன். 27 வருடம் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, நோயாளி வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் பிசினுக்கு மாற்றுவோம். மேல் பல்லும் கீழ் பல்லும் கடிக்கிற இடத்தில் முடியளவு உயரம் கூடினாலும் ஈறு புண்ணாகும். வண்ணக் காகிதத்தைக் கடிக்க வைத்து, கறை விழுந்த இடத்தைத் தேய்ப்போம். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்றார்கள். அம்மாவின் கை அது.

ஒருமுறை வயதான இத்தாலியக்காரர் ஒருவரின் செட் திரும்பி வந்தது. கடியில் குறையே இல்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அவர் சிரித்தபோது, "இது இவர் சிரிப்பு இல்லை" என்று மனைவி அழுதுவிட்டாராம். கல்யாணப் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருந்தது. நான் எல்லாவற்றையும் நூல் பிடித்தாற்போல் நட்டிருந்தேன். அன்று இரவு தனியாக உட்கார்ந்து அந்த ஒரு பல்லை மட்டும் திருப்பி நட்டேன். கடியைத் தொடவில்லை. கை நடுங்கியது. கண்ணுக்குத் தெரியாத விரிசலும் கண்ணுக்குத் தெரிந்த கோணலும் ஒன்றல்ல என்று சார் 1975-இலேயே எனக்குக் காட்டியிருக்கிறார், திடல் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு. அதைப் பார்க்க எனக்கு இத்தனை காலமும் இவ்வளவு தூரமும் வேண்டியிருந்தது.

உடனே அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தமிழில் எழுதிப் பல வருடம் ஆகியிருந்தது. 'ழ' வருகிற இடத்தில் 'ள' வந்தது, எங்கே ஒற்று மிகும் என்பதும் மறந்துபோயிருந்தது. சாருக்குப் போகிற கடிதத்தில் பிழை இருக்கலாமா? கிழித்தேன். அடுத்த வருடம் இன்னொன்று எழுதிக் கிழித்தேன். ஊருக்கு வந்த இரண்டு முறையும், முதலில் கடிதத்தை நன்றாக எழுதிவிடுவோம், அதைக் கையோடு கொண்டுபோய்ப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன். பானையை நான்தான் உடைத்தேன் என்று அந்தக் கடிதத்தில் இருந்திருக்கும். பத்து வரிகூட வராது.

இதை எழுதி முடித்து ஒரே ஒரு தடவைதான் படித்தேன். ஒற்றுப் பிழைகள் இருக்கும். மலர்க்குழு திருத்தினாலும் சரி, அப்படியே போட்டாலும் சரி.

ஒரு உதவி வேண்டும். சாரின் மகள் வருகிற பொங்கலுக்குப் பொங்கல் வைக்க மாட்டார், துக்கம். அதற்கடுத்த வருடம் வைப்பார். அப்போது ஊரில் இருப்பவர்கள் யாராவது கோலசிலாங்கூர் போய் அவருக்கு ஒரு பானை வாங்கிக் கொடுங்கள், பணம் நான் அனுப்புகிறேன். வாய் கோணலாக இருந்தால் நல்லது. சுண்டிப் பார்த்து வாங்குங்கள்.