அரைப்பேர்

"வவுச்சர்ல கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் இல்லாம காசு குடுக்க ஏலாது தங்கச்சி." எங்கள் கள உதவியாளரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். அதில் பிழை இருப்பதாக இப்போதும் நினைக்கவில்லை. ஆனாலும் ஏதாவது வவுச்சரில் கையெழுத்துப் போடும்போது அந்தப் பேச்சு திரும்பவும் மண்டைக்குள் ஓடுகிறது.

2022ஆம் வருடம். டீசல் இல்லாமல், நான் முகாமையாளராக இருக்கிற ஆய்வு நிலையத்து வான் நின்றுவிட்டது. பேட்டி எடுக்கிற எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்துக்குப் போய் பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும், அந்த பஸ்ஸும் வந்தால்தான் உண்டு. அதனால் பேட்டிகளைக் காலையிலேயே வைத்தோம். ஓர் அம்மா எங்களோடு பேசிவிட்டு, கொழுந்து பறிக்க மலைக்குப் பிந்திப் போனார். அன்றைக்கு அவருக்குப் பறிக்க வேண்டிய கிலோ சேரவில்லை, அரைப்பேர் போட்டுவிட்டார்கள், அதாவது பாதி நாட்சம்பளம்தான். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனதும் பல தோட்டங்களில் கொழுந்தின் அளவையும் கூட்டியது தெரிந்த கதைதானே. ஆக, 500 ரூபா போய்விட்டது. கோதுமை மா விலை கிழமைக்குக் கிழமை ஏறிய காலம் அது. எங்கள் ஆய்வின் தலைப்பு என்ன தெரியுமா? தோட்டக் குடும்பங்களின் வருமான இழப்பு.

கள உதவியாளரும் தோட்டத்துப் பிள்ளைதான். "சேர், அந்த அம்மாவுக்கு நாம குடுக்கலாமா?" என்று கேட்டார்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். நிதிப் பிரமாணப்படி யாருக்குக் காசு கொடுத்தாலும் பேரும் கையெழுத்தும் கணக்காய்வுக்கு இருக்க வேண்டும். ஒழுக்கநெறிக் குழுவுக்கோ, பேட்டி கொடுத்தவர்களின் பேர் எங்கேயும் வெளிவராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். வவுச்சர் எத்தனை மேசை தாண்டிப் போகும் என்று எனக்குத் தெரியும். தோட்ட நிர்வாகத்தைப் பற்றிப் பேசியவர்களின் பட்டியலை நானே தயாரித்து அனுப்புவதா? பேருக்குப் பதிலாகக் குறியீட்டு இலக்கம் போட்ட பற்றுச்சீட்டுக் கொடுக்கிற வழி ஒன்று வேறு இடங்களில் உண்டு. நிதிப் பிரிவில் கேட்டேன், முடியாது என்றார்கள். எழுத்தில் கேட்டிருக்கலாம். வாயால்தான் கேட்டேன்.

"அப்ப என் பயணப்படியில இருந்து குடுக்கிறேன் சேர்."

அதற்கும் வேண்டாம் என்றேன். ஒருவருக்குக் கொடுத்தால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும், நாளைக்குப் பேச வருகிறவர்கள் காசுக்காகச் சொல்கிறார்கள் என்று ஆய்வையே தள்ளிவிடுவார்கள் என்று விளக்கினேன். நல்ல நியாயம். ஆனால் அதே மாதம், கொழும்பிலிருந்து கருத்தரங்கில் பேச வந்தவருக்கு உரைப்படி கொடுத்தோம். அவர் காசுக்காகப் பேசினார் என்று ஒருவரும் சொல்லவில்லை. இது அப்போது என் மனதில் வரவில்லை. வந்திருந்தாலும் வேறு பதில் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

"சரி சேர்" என்று போய்விட்டார். கொடுத்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரிந்ததாகிவிடும். முகாமையாளர் வேலையில் பாதி, எதைக் கேட்காமல் விடுவது என்பதுதான். இதைப் பெருமைக்குச் சொல்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை.

போன தடவை புதிய ஆய்வுக்கு அனுமதி கேட்டபோது அதே ஒழுக்கநெறிக் குழு ஒரு கேள்வி எழுதி அனுப்பியது: பங்கேற்பாளர்கள் இழக்கிற கூலிக்கு என்ன ஏற்பாடு? வாசித்ததும் முதலில் கோபம்தான் வந்தது, இத்தனை வருடம் கழித்தா என்று. அப்புறம் பதில் எழுதினேன். வேலை நேரத்துக்கு வெளியே மட்டும் பேட்டி எடுப்போம், கூலி இழப்பு வராது என்று. அனுமதி கிடைத்துவிட்டது.

வேலை நேரத்துக்கு வெளியே என்றால், கடைசி நிறுவை முடிந்து வந்து, தண்ணி பிடித்து, ரொட்டிக்கு மாப் பிசைகிற நேரம். குழு அதைக் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.