தாரையின் ஏழாவது சுரம்: டிரம்பெட் கான்செர்ட்டோ எழுதும் மூன்றாம் மாதம்

தனி டிரம்பெட்டுக்கும் பன்னிரண்டு நரம்புக் கருவிகளுக்குமாக நான் எழுதிவரும் கான்செர்ட்டோவின் முதல் பகுதி, இந்த வாரம் 94 பாரில் (தாளக் கட்டங்களில்) முடிந்தது.

கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிதான் இதற்குத் தொடக்கம். கம்பம் நட்ட இரவில் தாரை என்ற நீண்ட ஊதுகுழலை ஊதுபவர், குழலுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிச் சாய்த்து வடித்துவிட்டு, தப்பட்டைக்கு மேலாக நீட்டி ஊதிய உச்சிச் சுரம், வீட்டு ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை. கல்யாண பேண்டு செட்டில் யூபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழல் வாசித்த என் அப்பா, "அது சுதி தப்புனதில்லை சாமி, குழல் குடுக்கறதே அதுதான்" என்றார். அந்தச் சொல்லின் மீதுதான் இந்தப் படைப்பு முழுவதும் நிற்கிறது.

தாரைக்கும் கொம்புக்கும் வால்வு, அதாவது அழுத்தினால் குழலின் நீளத்தை மாற்றும் விசை, கிடையாது. உதடும் மூச்சும் எழுப்பும் இயற்கையான சீரிசைகள், அதாவது குழலின் அடிச்சுரத்தின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு அதிர்வெண்களில் வரும் சுரங்கள், மட்டுமே உண்டு. மேற்கிலும் டிரம்பெட் அப்படித்தான் இருந்தது. சீரிசைகளுக்கு இடையே விடுபடும் சுரங்களை நிரப்பச் சாவிகள் பொருத்திய டிரம்பெட்டை வாசித்த ஆன்டன் வைடிங்கருக்காகவே 1796இல் இசையமைப்பாளர் ஹைடன் தம் டிரம்பெட் கான்செர்ட்டோவை எழுதினார். வால்வு அதற்கும் பின்னர் வந்தது. எனக்கோ வால்வு தொடாத அந்தப் பழைய சுரமே வேண்டும். 1943இல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், டெனர் குரலுக்கும் ஹார்னுக்கும் நரம்புக் கருவிகளுக்குமான தம் ‘செரனேட்’ படைப்பின் முகப்பில் ஹார்னை வால்வின்றி வாசிக்க வைத்திருப்பது எனக்குப் பெரிய துணிச்சலைத் தந்தது.

ஆகவே தாளில் உச்சி பி ஃபிளாட்டின் தலையில் சுழியம் போட்டு, வால்வு அழுத்தாமல் ஏழாவது சீரிசையாக வாசிக்க எழுதினேன். ஒத்திகைக்குக் கோவையிலிருந்து வந்த டிரம்பெட் தம்பி தாளைப் பார்த்ததும், "ஏனுங்ண்ணா, ஒண்ணாம் வால்வு அழுத்துனாத்தானுங்க இது சுதி சேரும்?" என்று கேட்டார். சேரக் கூடாது என்பதே நோக்கம் என்று விளக்கியபின் வாசித்தார். சுரம் நான் விரும்பியபடியே வந்தது. ஆனால் அதே சுரத்தை வயலினுக்கும் கொடுத்திருந்ததால் இரண்டும் மோதி அதிர்ந்தன. ஏழாவது சீரிசை பியானோ அளவைவிட ஏறத்தாழ 31 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு, தாழ்ந்தது. அந்த உயரத்தில் டிரம்பெட் ஏறத்தாழ 816 ஹெர்ட்சிலும் வயலின் 831 ஹெர்ட்சிலும் நிற்பதால், நொடிக்குச் சுமார் 15 துடிப்புகள் காதை அறுக்கின்றன. கணினியில் எல்லாம் பியானோ அளவிலேயே ஒலித்ததால் இது முன்பே எனக்குப் பிடிபடவில்லை. அந்த எட்டுப் பார்களிலும் வயலின்களை நிறுத்தி, செல்லோக்களுக்குச் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் கொடுத்தேன். இப்போது அந்தச் சுரம் ஒத்தூதலின் மேல் நிற்பதுபோல் தனித்து நிற்கிறது.

இரண்டாம் பகுதியை யூபோனியத்துக்குக் கொடுக்க விரும்புகிறேன். அதுவும் பி ஃபிளாட் குழல்தான். அதே சீரிசைகள் ஒரு ஸ்தாயி கீழே கிடைக்கும். அப்பாவின் வாத்தியத்தில் வால்வுகள் இறுகிக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்.