பாட்டு சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன்

மெட்டல் இசையிலேயே மிக மெதுவான, கனமான வகையான டூம் மெட்டலை முதல் தடவை கேட்டபோது ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கித்தாரில் ஒரு அடி அடித்துவிட்டு ஆள் எழுந்து எங்கேயோ போய்விட்ட மாதிரி இருந்தது, அடுத்த அடி வருகிற வழியாக இல்லை. மெட்டல் என்றால் வேகம் என்று நம்பிக்கொண்டிருந்த வயது அது. அணைத்துவிடலாம் என்று கை போனபோதுதான் கவனித்தேன், முதல் அடி இன்னும் ஓயவில்லை, அடியில் உறுமிக்கொண்டே கிடக்கிறது. நல்லவேளை, காதில் ஹெட்ஃபோன் இருந்தது. மொபைல் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களிடம் பிளாக் சப்பாத் என்ற இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைத்தான் எல்லோரும் நீட்டுவார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது, ஏறக்குறைய முழுவதையும் ஒரே நாளில் வாசித்துப் பதிவு செய்துவிட்டார்கள். முதல் பாட்டில் மழை, மணியோசை, அப்புறம் மூன்றே ஸ்வரம். சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து பிரதி மத்தியமத்துக்கு இறங்கி அங்கேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். கல்யாணியில் அத்தனை குளுமையாக இருக்கிற அதே ஸ்வரம்தான், இங்கே வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் நான் கையில் கொடுப்பது அவர்களுடைய மூன்றாவது ஆல்பம், 1971இல் வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி. அவர்களுக்குக் கித்தார் வாசிக்கும் டோனி அயோமி இடதுகைக்காரர், அதனால் தந்தியை அழுத்துவது வலதுகை. 17 வயதில் பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது அந்தக் கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் இயந்திரத்தில் போய்விட்டன. மனிதர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி வாசித்தார். மெல்லிய தந்திகளாகத் தேடிப் போட்டார். இந்த ஆல்பத்தில் பல பாட்டுகளுக்குச் சுருதியையும் மூன்று அரைஸ்வரம் இறக்கிவிட்டார். தந்தி தளர்ந்தது, விரலுக்குச் சுகம், சத்தமோ பாதாளத்துக்குப் போய்விட்டது. 'இன்டு த வாய்ட்' ஆரம்பிக்கிற விதத்தைக் கேளுங்கள், ஒரு பெரிய பாரத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். பிறகு வந்த டூம் இசைக்குழுக்கள் பாதிப்பேர் இன்னும் அந்த ஒரு பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பேன், சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

டூம் வேண்டாம், பழைய ஹெவி மெட்டல் போதும் என்றால் 1976 ஒரு வருடமே போதும். ஜூடாஸ் பிரீஸ்டின் சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி, ரெயின்போவின் ரைசிங். இரண்டாவதில் 'ஸ்டார்கேஸர்' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், கோசி பவல் டிரம்ஸில் கதவைத் தட்டுவார், ரானி ஜேம்ஸ் டியோ உள்ளே வந்து வீட்டையே எடுத்துக்கொள்வார். அதே டியோ சப்பாத்துக்குப் போய்ப் பாடியதுதான் 1980இன் ஹெவன் அண்ட் ஹெல். ஐயன் மெய்டனைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன.

சரி, மறுபடி மெதுவான பக்கம். ஸ்வீடனின் கேண்டில்மாஸ், 1986, எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ். பெயரைப் பார்த்து நான் சிரித்தேன், முதல் பாட்டு 'சாலிட்யூட்' சிரிப்பை நிறுத்திவிட்டது. மெல்லிய கித்தார், தனியாக ஒரு குரல், அப்புறம் மொத்தக் குழுவும் ஒரேயடியாக இறங்கும். அந்தக் குரல் யோஹான் லாங்குவிஸ்டுடையது. இந்த ஒரு ஆல்பத்துக்குப் பாடிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதே வருடம்தான் செயின்ட் வைட்டஸின் பார்ன் டூ லேட்டும். ஹார்ட்கோர் பங்க் கூட்டம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலஸில் உட்கார்ந்துகொண்டு இவர்கள் ஊர்ந்துகொண்டிருந்தார்கள், அந்தப் பிடிவாதத்துக்காகவே கேட்கலாம்.

ஸ்லீப் என்ற குழுவின் டோப்ஸ்மோக்கர், ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு, 63 நிமிடம். இதை வெளியிட ரெக்கார்டு கம்பெனி மறுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பெல் விட்ச்சின் மிரர் ரீப்பர், 2017, அதைவிட நீளம், 83 நிமிடம், கித்தாரே கிடையாது, பாஸும் டிரம்ஸும்தான் பிரதானம். முந்தைய வருடம் இறந்துபோன அவர்களுடைய பழைய டிரம்மர் முன்பு பாடிவைத்திருந்த குரல் நடுவில் வரும். நான் இதை முழுதாகக் கேட்டது இரண்டே முறை. மூன்றாவது முறைக்கு இன்னும் மனம் வரவில்லை.

லாங்குவிஸ்ட் முப்பது வருடத்துக்கு மேல் கழித்து கேண்டில்மாஸுக்குத் திரும்பி வந்தார், 2019இல் த டோர் டு டூம் வந்தது. அதில் ஒரு பாட்டில் சோலோ வாசித்திருப்பது அயோமி, அதே தொப்பி போட்ட விரல்களோடு. அந்த இடம் வரும்போது எனக்குக் கை தானாக வால்யூமுக்குப் போய்விடுகிறது.