வோல்கா கரையில் வைக்கோல் காலணிகள்

ரஷ்யாவின் வோல்கோகிராடில் (அன்றைய ஸ்டாலின்கிராட்), இரண்டாம் உலகப் போரில் சிதைந்த செங்கல் மாவாலையை இடிபாடாகவே விட்டுவைத்து, அதன் அருகிலேயே ஸ்டாலின்கிராட் போர் அருங்காட்சியகத்தை எழுப்பியிருக்கிறார்கள். பீரங்கிகளையும் துப்பாக்கிகளையும் வேகமாகக் கடந்து வந்த என்னை நிறுத்தியது, ஜெர்மானிய வீரர்களின் வைக்கோல் காலணிகள்தாம். வைக்கோற்புரியைச் சுற்றிச் சுற்றிப் பின்னிய அவற்றை, கூடை என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

காவல் நிற்பவர்கள் இவற்றைத் தங்கள் பூட்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொள்வார்களாம். அந்தத் தோல் பூட்ஸின் அடியில் பதித்த இரும்பு ஆணிகள் தரையின் குளிரை நேரே பாதத்துக்குக் கடத்தின. காலுக்குச் சரியாகப் பொருந்தியதால் உள்ளே காகிதம் திணிக்கவும் இடமில்லை. எதிரே நின்ற சோவியத் செம்படையினரோ வாலெங்கி எனப்படும் கம்பளிக் காலணிகளை அணிந்திருந்தார்கள்.

1941 ஜூன் 22இல் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தபோது குளிர்காலத்துக்குள் போர் முடிந்துவிடும் என்றே ஜெர்மானியத் தலைமை கணக்கிட்டது. அந்தக் கணக்குப் பிழைத்து டிசம்பர் வந்ததும், நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் வானொலியில் மக்களிடம் கம்பளி ஆடைகளையும் உரோம மேலாடைகளையும் கேட்க வேண்டியதாயிற்று. பெண்களின் உரோமக் கோட்டுகள்கூடப் போர்முனைக்குப் போயின. பனியில் கண்ணுக்குத் தெரியாமலிருக்கப் படுக்கை விரிப்புகளைப் போர்த்திக்கொண்டார்கள். முதல் குளிர்காலத்தைத் தாங்கியவர்களுக்கு 1942இல் அளிக்கப்பட்ட பதக்கத்துக்கு வீரர்களே வைத்த பெயர் ‘உறைந்த இறைச்சிப் பதக்கம்’.

அடுத்த ஆண்டு, வெள்ளைப் பக்கத்தை வெளியே திருப்பி அணியத்தக்க பஞ்சு திணித்த சீருடை தயாராகிவிட்டது என்றாலும், 1942 நவம்பர் 23இல் ஸ்டாலின்கிராடில் முற்றுகைக்குள் அகப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. உணவும் எரிபொருளுமே போதிய அளவு வந்து சேராத விமானங்களில் உடுப்புக்கு எங்கே இடம்? போர்வைகள், சாக்குக் கிழிசல்கள், உள்ளூர் வீடுகளிலிருந்து பறித்த பெண்களின் சால்வைகள் எல்லாம் சீருடையாயின. சால்வையைத் தலையில் சுற்றி நடுங்கும் ஜெர்மானிய வீரன் ‘குளிர்கால ஃபிரிட்ஸ்’ சோவியத் கேலிச்சித்திரங்களில் நிலையான பாத்திரமானான். எனக்கோ சிரிப்பு வரவில்லை; சால்வையைப் பறிகொடுத்தவளும் அதே குளிரில்தானே இருந்தாள்?

பிறகு, 1943 ஜனவரி 31இல் ஜெர்மானியப் படைத்தலைவர் பவுலஸ் பிடிபட்ட பல்பொருள் அங்காடியின் நிலவறைக்குச் சென்றேன். அங்கு நின்றபோதும் அந்தக் காலணிகளே நினைவில் இருந்தன. அவை ஓரிடத்தில் அசையாமல் நிற்பதற்காகப் பின்னப்பட்டவை. சிறைப்பட்ட ஏறத்தாழ 91,000 பேரோ, பனியில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது.