42 விசைகளில் தமிழ்

ஜூன் 3

இரண்டாகப் பிளந்த கீபோர்டு மேசைக்கு வந்துவிட்டது. கைக்கு மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு விசை, கட்டைவிரலுக்கு மூன்று, மொத்தம் 42. எண்களுக்கு வரிசை இல்லை, கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால் வேறு லேயரில் (அதே விசைகளின் இன்னொரு அடுக்கில்) வருகின்றன.

கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் கை சீக்கிரம் பழகிவிட்டது. இடது மேல் மூலையில் டேபை எடுத்துவிட்டு எஸ்கேப்பை வைத்தேன். நிரலாளர் பில் ஜாய் 'வி' என்ற உரை எடிட்டரை எழுதிய ஏடிஎம்-3ஏ என்ற பழைய டெர்மினல் கருவியில் எஸ்கேப் இருந்த இடமே அதுதான். அதில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. அம்பு விசை இல்லாத என் கீபோர்டுக்கு 1976-இலேயே யாரோ வழி செய்து வைத்ததுபோல் இருக்கிறது.

ஜூன் 4

'செய்தி' என்று அடிக்கப் போனேன். ச இல்லை!

தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் பி (P) விசைக்கு அடுத்த சதுர அடைப்புக்குறிதான் ச. அதற்கும் அடுத்தது ஞ. இங்கோ பி-யைத் தாண்டி ஒரே விசை, அதுவும் பேக்ஸ்பேஸ். விசையின் எண்ணைக் காட்டும் ஈவ்டெஸ்ட் நிரலை ஓட்டிப் பார்த்தேன்: அழுத்தினால் பேக்ஸ்பேஸின் 14 என்று காட்டுகிறது, எனக்கு வேண்டியது அடைப்புக்குறியின் 26. கீபோர்டுக்குத் தமிழ் தெரியாது, எந்த விசை என்பதை மட்டும் சொல்லும். எழுத்தாக்குவது லினக்ஸில் ஓடும் ஐபஸ் நிரல்.

கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் நிரலான ஃபர்ம்வேரில் பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு இறக்கி, அந்த இடத்தில் அடைப்புக்குறியைப் போட்டேன். ச திரும்பி வந்தது. லினக்ஸின் விசை அமைப்பான எக்ஸ்கேபி-யில் மாற்றியிருக்கலாம், ஆனால் அது சாளரங்கள் இல்லாத வெறும் கன்சோலில் செல்லாது. ஃபர்ம்வேரில் செய்தால் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவிலிருந்தே செல்லும். ஞ அப்புறம்.

ஜூன் 7

மூன்று நாளாக ஒரு தொல்லை. தமிழில் அடித்துக்கொண்டே போகும்போது திடீரென்று ஆங்கிலம் வருகிறது. ஐபஸ் மேல் சந்தேகப்பட்டு நேரம் போனதுதான் மிச்சம்.

இன்று ஒரு வரியை மெதுவாக அடித்துப் பார்த்ததில் பிடிபட்டது. எஃப் விசையைத் தட்டினால் எஃப், பிடித்தால் கண்ட்ரோல் என்று வைத்திருந்தேன். அடுத்த விசை விழுந்த கணமே 'பிடித்தது' என்று கொள்ளும்படியும் அமைத்திருந்தேன். தமிழ்99-இல் எஃப் என்பது புள்ளி. 'மரம்' என்று முடிக்கும்போது புள்ளியிலிருந்து விரல் எழும் முன்பே ஸ்பேஸ் விழுகிறது. என் கணினியில் கண்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்ந்தால் மொழி மாறும். ம், ன், ல், ர் என்று தமிழில் எத்தனை சொற்கள் புள்ளியில் முடிகின்றன! ஆங்கிலத்தில் எஃப்-இல் முடியும் சொற்கள் குறைவு, அதனால் அங்கே இது அதிகம் தலைகாட்டவில்லை.

கண்ட்ரோலையும் கட்டைவிரலுக்கே கொடுத்துவிட்டேன்.

ஜூன் 8

இன்று ஒருமுறைகூட மொழி மாறவில்லை.

ஜூன் 12

ஞ-வுக்கு காம்போ வைத்தேன்: ஓ, பி இரண்டையும் 50 மில்லிவினாடிக்குள் சேர்த்து அழுத்தினால் ஞ. காலையில் 'கட்டணம்' என்று வேகமாக அடித்தேன், நடுவில் ஞ வந்து விழுந்தது. அந்த இரண்டும் ட, ண ஆயிற்றே.

மெய் விசைகளில் பெரும்பாலான ஜோடிகள் ஏதாவது ஒரு சொல்லில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. ஆனால் தமிழில் உயிரும் உயிரும் அப்படிச் சேருமா? நடுவில் உடம்படுமெய் வந்து நிற்குமே! தமிழ்99-இல் உயிர்கள் எல்லாம் இடக்கையில். ஆ, ஈ இரண்டையும் எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் அவை க்யூ, டபிள்யூ, அங்கேயும் அவை அடுத்தடுத்து வருவது அரிது.

'ஞாயிறு' என்று பத்து முறை அடித்துப் பார்த்தேன். பத்தும் சரி.